பெயர் தெரியாத மரங்களும் பெயர் தேடிய மனிதர்களும்



ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்களைக் கற்றுக்கொடுத்த வரலாற்றைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஆயினும் கீழ் கோத்தகிரியில் வீட்டு வாசலிலிருந்து பள்ளிவாசல் வரை நிற்கும் மரம் செடிகளில் எத்தனைக்கு நமக்குப் பெயர் தெரியும்? மதரஸாவுக்கு வரும் பிள்ளைகள் வழியில் பறித்த காயைக் காட்டி, "இது என்ன ஹஜ்ரத்?" என்று கேட்கும்போது, அறிந்து விடை சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

நம் மலையில் இக்கேள்வி கடினமானது. ஏனெனில் இங்கே நிற்பவற்றுள் பல இம்மண்ணில் தோன்றியவை அல்ல. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு அருகிலுள்ள கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அதன்பின் ஆங்கிலேயர் குடியேற்றம் பெருகியது. விறகுக்காகச் சோலைக் காடுகள் வெட்டப்பட்டன. அந்தக் குறையை ஈடுசெய்ய ஆஸ்திரேலியாவிலிருந்து விரைந்து வளரும் மரங்கள் வந்தன. நாம் கற்பூர மரம் என்றும் தைல மரம் என்றும் சொல்லும் யூகலிப்டஸ் 1843-இல் கொண்டுவரப்பட்டது. 1848-இல் மெக்கைவர் பொறுப்பேற்று வடிவமைத்த உதகை தாவரவியல் பூங்கா வழியாகவும் பல வெளிநாட்டுச் செடிகள் பரவின. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலிய மரமே. 'நீலகிரித் தைலம்' என்று நாடெங்கும் புகழ்பெற்ற எண்ணெய், நீலகிரியில் பிறக்காத மரத்தின் எண்ணெய் என்பது வியப்புக்குரியது.

பெயரும் நம்மை ஏமாற்றுவதுண்டு. மலையில் சீகை மரம் எனப்படுவது ஆஸ்திரேலிய வாட்டில். தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் வேறு கொடியின் காய்.

இந்தக் கலப்பினூடே, மண்ணின் மரங்களை அடையாளம் கண்டு பதிந்தோரும் இருந்தனர். ஸ்காட்லாந்து மருத்துவர் இராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை 2,000-க்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் (1829–1928) இம்மலையின் பறவைகளையும் தாவரங்களையும் வண்ணத்தில் தீட்டினார். அவ்வோவியங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களுக்கென்றே 1915 முதல் நூல் வெளியிட்டார்.

இப்பணி நம் முன்னோருக்குப் புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அபூ ஹனீஃபா அத்தீனவரி, பாலைவனத்து அரபிகள் வழங்கிய செடிப் பெயர்களைத் திரட்டித் தாவர நூல் எழுதினார். மலாகாவில் பிறந்து 1248-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், வட ஆப்பிரிக்காவையும் சிரியாவையும் சுற்றி, ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தார். ஒரே மூலிகைக்கு அரபி, கிரேக்கம், பெர்பர் என வழங்கிய பல பெயர்களையும் சேர்த்தே எழுதினார். பெயர் குழம்பினால் மருந்து நஞ்சாகிவிடும் என்பதை மருத்துவரான அவர் அறிந்திருந்தார்.

அந்த அச்சம் நமக்கும் வேண்டும். நம் ஓடைக் கரைகளிலும் வேலியோரங்களிலும் எக்காளம்போல் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூக்களையுடைய செடி, ஊமத்தையின் உறவு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அதன் இலை, பூ, விதை யாவும் நஞ்சு. தவிட்டுப் பழத்தைத் தின்று பழகிய பிள்ளை, பெயர் அறியாத இன்னொரு காயையும் அதே நம்பிக்கையுடன் வாயிலிடக்கூடும். கைவைத்தியத்துக்குப் பறிப்போரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அறியாத செடியை உண்ணாமலும், பிறருக்குக் கொடுக்காமலும் இருப்பது உயிரைப் பேணும் கடமையில் சேரும்.

அடையாளம் காண்பது அரிதன்று. இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா என்று பாருங்கள். கிள்ளினால் பால் வடிகிறதா, பட்டை உரிகிறதா, எம்மாதம் பூக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இலையின் இருபுறமும், பூவும், முழு மரமும் தெரியப் படமெடுங்கள். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரைத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். பின்னர் படகர், இருளர், குறும்பர் பெரியோரிடம் கேளுங்கள். தீனவரி பாலைவனத்து மக்களிடம் கேட்டதும் இவ்வாறே. அவர்கள் நாவிலுள்ள பெயர்கள் பல எந்த நூலிலும் ஏறாதவை; அவர்களோடு அவை மறைந்துவிடக் கூடும்.

ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பேடு வைத்து, வாரம் ஒரு மரம் என்று எழுதி வந்தால், ஓராண்டில் ஐம்பது மரங்கள் நம் பிள்ளைகளுக்கு அறிமுகமாகிவிடும், இன்ஷா அல்லாஹ். படைப்பை உற்றுநோக்கிச் சிந்திக்குமாறு நம்மை அழைத்த இறைவன், அதற்கான கண்ணையும் பொறுமையையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.