பழங்காசுகளை எதில் வைப்பது?



தோட்டத்து லயங்களில் அந்த நாளில் பெரும்பாலான வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதன் அடியில், கல்யாணச் சேலைக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் கீழே, ஒரு பிஸ்கட் டின்னோ சுருக்குப் பையோ கிடக்கும். ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். உள்ளே இருப்பவை செல்லாத காசுகள்.

என் பாட்டியிடமும் அப்படி ஒரு டின் இருந்தது. அவர் காலமான பிறகுதான் அதைத் திறந்தோம். ஏழெட்டு வெள்ளிக் காசுகளைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கி வைத்திருந்தார். வளையம் இளகித் தாளைத் துளைத்துக் காசின்மேல் ஒட்டியிருந்தது. ஒட்டிய இடமெல்லாம் கரிக்கோடு. அத்தை சும்மா இருக்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டார். காசு பளபளத்தது. பட்டணத்தில் ஒரு கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இனி இதற்கு வெள்ளியின் எடைக்கு உள்ள விலைதான்" என்றார்.

அந்தக் காசுகள் எவை என்று சொல்லிவிடுகிறேன். அவற்றுள் ஒன்று ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்த ஒரு வெள்ளி நாணயம். நீரிணைக் குடியேற்ற அரசு 1903-இல் தன் சொந்த வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. அதற்கு முன்பு மெக்சிக்கோ நாட்டு வெள்ளி நாணயங்களும் பிரிட்டிஷ் வணிக நாணயங்களும் இங்கே புழங்கின. 1903-ஆம் ஆண்டு நாணயத்தின் எடை சுமார் 27 கிராம். பின்னர் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறியது. நாணயத்தின் முகமதிப்பைவிட அதிலுள்ள உலோகத்தின் மதிப்பு கூடிவிட்டால், மக்கள் அதை உருக்கிவிடுவார்களே! அதனால் 1907-இல் எடையைச் சுமார் 20 கிராமாகக் குறைத்தார்கள். அளவும் சிறுத்தது. இன்றும் நாம் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றுதானே சொல்கிறோம்? காசு உண்மையிலேயே வெள்ளியாக இருந்த காலத்தின் மிச்சம் அந்தச் சொல்.

டின்னில் இருந்த மற்றவை 1939-ஆம் ஆண்டு மலாயா பத்துக்காசுகள். அவற்றில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெள்ளி. 1943, 1945 ஆண்டுக் காசுகளில் அது பாதியாகக் குறைந்தது. 1948 முதல் வெள்ளியே இல்லை; செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்தான். ஜப்பானியர் காலத்தில் வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டுகள் மூட்டை மூட்டையாகப் புழங்கின. 1945-இல் அவை ஒரே நாளில் வெறும் காகிதமாயின. அதைக் கண்ணால் கண்ட பாட்டி வெள்ளிக் காசை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பென்ன?

சரி, காசு ஏன் கறுத்தது? மரத்தில் வடியும் பாலில் கந்தகம் கிடையாது. ஆனால் வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று கண்டார். 1845-இல் லண்டனில் ரப்பர் வளையத்துக்கு உரிமம் பதிவானது. அந்தக் கந்தகம்தான் வெள்ளியைத் தின்று கறுப்பாக்குகிறது. பாட்டி வெட்டிய மரத்துப் பால் கடல் கடந்து போய், வளையமாகத் திரும்பி வந்து, அவர் சேமிப்பையே கறுக்க வைத்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

கறுப்பாவது மேலோடு நிற்கும். புளியின் அமிலமும் சாம்பலின் உராய்வும் மன்னரின் முடியையும் எழுத்தின் விளிம்பையும் மழுக்கிவிடும். அது திரும்ப வராது. ஆகவே பழங்காசைத் தேய்க்கவே கூடாது.

இப்போது உறைகளைப் பார்ப்போம். ஐரோப்பியச் செல்வர்கள் அக்காலத்தில் மஹோகனி மர அலமாரிகளில் காசுகளை வைத்தார்கள். ஓக் மரம் புளித்த ஆவியை விடும். மஹோகனியில் அது குறைவு. நமக்கு அலமாரி வேண்டாம். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் உறைகளில்தான் நாம் ஏமாறுகிறோம். வளைத்தால் துணிபோல் வளையும், புதிய மழைக்கோட்டைப் போல வாடை வரும் மென்மையான உறை பெரும்பாலும் பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் வியர்த்து வெளியேறும். பிளாஸ்டிக்கும் மெல்லச் சிதைந்து அமிலம் விடும். செம்புக் காசிலும் செம்பு கலந்த வெள்ளிக் காசிலும் பச்சைப் பிசின் படியும். நம் நாட்டு வெக்கையில் இது இன்னும் விரைவு. விலை மலிவு என்று அதை வாங்காதீர்கள்.

நல்லது எது? நடுவில் மைலார் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைச் சட்டம். இரண்டாக மடித்து ஊசி அடிப்பது. அடித்த ஊசியின் முனையைக் குறட்டால் தட்டையாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறிவிடும். அட்டையின் துளை காசைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். 1903-ஆம் ஆண்டு வெள்ளிக்கு வாங்கிய சட்டத்தில் 1907-ஆம் ஆண்டு நாணயம் ஆடும். உருண்டையான கெட்டிப் பிளாஸ்டிக் கூடுகளும் உண்டு. அவை நல்லவைதாம். ஆனால் 1919 முதல் வந்த சதுர ஒரு காசுக்கு அவை பொருந்தா. சதுரத்துக்கு மூலைக்கு மூலை அளந்துதான் துளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் காசில்லை என்றால் அமிலம் கலவாத சிறு காகித உறை போதும். செய்தித்தாள் வேண்டாம். அதிலும் அமிலம் உண்டு.

காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். பால் வெட்டி வந்த கையோடு தொடாதீர்கள். டின்னில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. அட்டைச் சட்டத்தின் ஓரத்தில் எழுத இடம் இருக்கும். ஊசி அடிப்பதற்கு முன்பே பென்சிலால் எழுதிவிடுங்கள். ஆண்டு, உலோகம் மட்டுமல்ல. யார் கொடுத்தது, எந்தத் தோட்டத்தில் என்பதையும். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பாட்டியின் எட்வர்ட் வெள்ளியை நான் விற்கவில்லை. தேய்ந்த முகத்தோடு அது அட்டையில் இருக்கிறது. ஓரத்தில் பாட்டியின் பெயரும், அவர் பால் வெட்டிய தோட்டத்தின் பெயரும், "புளி போட்டுத் தேய்த்தது" என்ற குறிப்பும்.