எரிகோபுரம் முதல் வெள்ளிமலை வரை: மணலியில் லேசான வாயுக்களை மீட்ட வரலாறு

கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது முதலில் பிரிந்து மேலே ஏறுவது வாயு. மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் ஆகியவை எண்ணெயில் கரைந்தே வருகின்றன. ஹைட்ரஜன் அப்படியல்ல; ஆலைக்குள் நடக்கும் வேதிவினைகளில்தான் அது பிறக்கிறது. பெட்ரோலும் மண்ணெண்ணெயுமே சரக்கு என்றிருந்த காலத்தில் இந்த வாயுக்கள் தொல்லையாகவே கருதப்பட்டன. கொஞ்சம் உலைகளுக்கு எரிபொருளாயிற்று. மிச்சம் உயரமான எரிகோபுரத்தின் உச்சியில் இரவு பகலாக எரிந்து தீர்ந்தது. தமிழ்நாட்டில் இந்த நிலை மாறியது பெரும்பாலும் சென்னைக்கு வடக்கே, மணலியில். அந்த மாற்றத்தின் பலன் எட்டிய கடைக்கோடிகளில் ஒன்று கள்ளக்குறிச்சியும் அதற்கு மேற்கே எழும் கல்வராயன் மலையும்.

எந்த வாயுவை எளிதில் மீட்கலாம் என்பதைக் கொதிநிலையே தீர்மானிக்கிறது. பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸிலும், புரொப்பேன் −42 டிகிரியிலும், மீத்தேன் −161 டிகிரியிலும், ஹைட்ரஜன் −253 டிகிரியிலும் கொதிக்கின்றன. முதல் இரண்டையும் சாதாரண வெப்பத்திலேயே அழுத்தித் திரவமாக்கி இரும்பு சிலிண்டரில் அடைத்துவிடலாம். மற்றவை அவ்வளவு சுலபத்தில் பிடிபடா. அதனால்தான் வரலாற்றிலும் சமையல் எரிவாயு முந்திக்கொண்டது. அமெரிக்காவில் வால்டர் ஸ்னெல்லிங் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெட்ரோலிலிருந்து ஆவியாகித் தப்பும் வாயுவை ஆராய்ந்து புரொப்பேனைப் பிரித்துக் காட்டினார். இந்தியாவில் 1950களின் நடுவில் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் ‘பர்ஷேன்’ என்ற பெயரில் சிலிண்டர் விற்கத் தொடங்கியது. 1965இல் கல்கத்தாவில் ‘இண்டேன்’ வந்தது.

அதே 1965ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் கூட்டாக மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 43 கோடி ரூபாய்ச் செலவில் 27 மாதங்களில் எழுந்த மணலி ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பது அதன் திறன். அப்போது கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு வட்டம். கல்வராயன் மலையோ ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அரசின் நேரடி நிர்வாகம் 1976இல்தான் மலையேறியது. மலையாளிப் பழங்குடியினரின் வீடுகளில் எரிந்தது தலைச்சுமையாக வந்த விறகு.

மணலியின் முதற்கட்ட மீட்பு எளிமையானது. காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் உச்சியிலிருந்து வரும் நாப்தாவை இன்னொரு கோபுரத்தில் அழுத்தத்தில் மீண்டும் சூடாக்கினால், அதில் கரைந்திருந்த புரொப்பேனும் பியூட்டேனும் பிரிந்துவிடும். அமீன் கரைசலில் கழுவி ஹைட்ரஜன் சல்பைடை நீக்கி, காரக் கரைசலால் துர்நாற்றக் கந்தகச் சேர்மங்களை அகற்றி, கடைசியில் கசிவு தெரிவதற்காக வேண்டுமென்றே சிறிதளவு எத்தில் மெர்காப்டன் சேர்ப்பார்கள். நாற்றத்தை எடுத்துவிட்டு வேறொரு நாற்றத்தை ஊட்டுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் முதலாவது அடுப்புக் குழாய்களை அரிக்கக்கூடியது, இரண்டாவது உயிர்காப்பது.

இந்த வழியில் கிடைத்த அளவு குறைவு. சமையல் எரிவாயு இணைப்புக்குப் பதிந்துவிட்டு நகரவாசிகளே ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1980களின் நடுவில் ஆலையின் திறன் 56 லட்சம் டன்னாக உயர்ந்தபோது, கனமான எண்ணெயை வினையூக்கியால் உடைக்கும் பிரிவும் சேர்ந்தது. கனமான மூலக்கூறுகள் உடையும்போது வாயு பெருகும். அந்த வாயுவை அழுத்தி, கீழிறங்கும் குளிர்ந்த பெட்ரோலின் ஊடே மேலேற்றுவார்கள். புரொப்பேன் வகையும் பியூட்டேன் வகையும் பெட்ரோலில் கரைந்துகொள்ள, மீத்தேனும் ஈத்தேனும் ஹைட்ரஜனும் மட்டும் உச்சியில் வெளியேறும். அதோடு தப்பிச் செல்லும் பெட்ரோல் ஆவியைப் பிடிக்க அடுத்த கோபுரத்தில் சற்றுக் கனமான எண்ணெய் காத்திருக்கும். உறிஞ்சியவற்றைச் சூடாக்கிப் பிரித்தால் சமையல் எரிவாயு. மணலியில் இன்னொரு நன்மையும் விளைந்தது. உடைப்பு வாயுவில் நிறைந்திருந்த புரொப்பிலீன் தனியே பிரிக்கப்பட்டு, அருகிலிருந்த மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. ஒருகாலத்தில் எரித்துவிடப்பட்டிருக்கும் வாயுவிலிருந்து மெத்தை நுரைக்கான மூலப்பொருள் கிடைத்தது.

ஹைட்ரஜனின் கதை வேறு. அது ஆலையை விட்டு வெளியே வராததால் பொதுமக்களின் கவனத்துக்கும் வரவில்லை. 1949இல் அமெரிக்காவில் விளாடிமிர் ஹென்சல் உருவாக்கிய பிளாட்டினம் வினையூக்கி முறையே திருப்புமுனை. நாப்தாவை 500 டிகிரி அளவில் பிளாட்டினத்தின் மேல் செலுத்தினால் பெட்ரோலின் தரம் உயர்கிறது. கூடவே ஹைட்ரஜன் கழன்று வருகிறது. ஒரு மெத்தில் சைக்ளோஹெக்சேன் மூலக்கூறு டொலுயீனாக மாறும்போது மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்கின்றன. பக்கவிளைவாக வந்த இந்த ஹைட்ரஜன்தான் உலகெங்கும் எண்ணெயிலுள்ள கந்தகத்தை நீக்கும் முறைக்கு வழிதிறந்தது.

மணலியில் ஹைட்ரஜனைப் பெருமளவில் நாடிய முதல் ஆலை சுத்திகரிப்பு ஆலையல்ல, அதன் அண்டை ஆலை. 1971இல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் உர ஆலை, சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் வழியே வந்த நாப்தாவை நீராவியோடு வினைப்படுத்தி ஹைட்ரஜன் எடுத்து, அம்மோனியாவும் யூரியாவும் செய்தது. நெல்லும் கரும்பும் விளைவிக்கும் உழவர்கள் வாங்கிய ‘விஜய்’ யூரியா மூட்டைக்குள் இருந்தது அந்த ஹைட்ரஜன்தான்.

சுத்திகரிப்பு ஆலைக்கே ஹைட்ரஜன் பசி வந்தது 1990களின் இறுதியில். அதுவரை டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. விதி இறுகியதும் டீசலில் கந்தகம் நீக்கும் பிரிவு 1999இல் வந்தது. 2004இல் 30 லட்சம் டன் விரிவாக்கத்தோடு ஹைட்ரஜன் அழுத்தத்தில் கன எண்ணெயை உடைக்கும் பிரிவும் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகைக்கான பாரத் 6 தரம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்காகச் சுருங்கியது. அதாவது பழைய அளவில் ஆயிரத்தில் ஒன்று. கந்தகத்தை இப்படித் துரத்தத் துரத்த ஹைட்ரஜனின் தேவை ஏறிக்கொண்டே போனது; பிளாட்டினப் பிரிவின் உபரி போதவில்லை. நாப்தாவை நீராவியோடு வினைப்படுத்தித் தனியே தயாரிக்க வேண்டியதாயிற்று. 2019இல் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறந்த பிறகு மணலி ஆலைகளுக்கு நாப்தாவுக்குப் பதிலாக இயற்கை வாயுவும் கிடைத்தது.

ஹைட்ரஜன் விலை மிகுந்த பொருளானதும், கழிவு வாயுவில் கலந்திருப்பதை எரிப்பது நட்டமாயிற்று. அதை மீட்கும் முறைக்கு அடித்தளமிட்டவர் எஸ்ஸோ நிறுவனத்தின் சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ராம். அவருடைய காப்புரிமை 1960ஐச் சேர்ந்தது. சியோலைட்டும் தூண்டப்பட்ட கரியும் நிரப்பிய தொட்டிக்குள் வாயுவை ஏறக்குறைய 20 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் செலுத்தினால் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் படுகையில் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் ஒட்டாமல் ஓடிவிடும். அழுத்தத்தைக் குறைத்ததும் ஒட்டியவை உதிர்ந்து தொட்டி மீண்டும் தயாராகும். பல தொட்டிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறி இயங்குவதால் 99.9 சதவீதத்துக்கு மேல் தூய ஹைட்ரஜன் தடையின்றி வருகிறது. வாயுவிலிருக்கும் ஹைட்ரஜனில் பத்தில் ஒரு பங்கு உதிரி வாயுவோடு போய் உலையில் எரிகிறது. 1980களில் வணிகத்துக்கு வந்த மெல்லிழைச் சவ்வுகள் இன்னொரு வழி. அவற்றுக்கு நகரும் உறுப்பே இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தின் டீசலில் கந்தகம் அநேகமாக இல்லாததற்குக் காரணம் இந்த ஹைட்ரஜன். மலையில் சமையல் எரிவாயு பரவுவது பாரத் 6 தரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது: 2007இல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம், 2016இல் மத்திய அரசின் உஜ்வலா. 14.2 கிலோ எரிவாயுவை ஆவியாக்கும் வெப்பம் சிலிண்டரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வருவதால், மார்கழிக் காலையில் அதிக நேரம் அடுப்பெரிந்தால் திரவ மட்டம் வரை அதன் வெளிப்புறம் வியர்த்திருக்கும். கனமான பியூட்டேனே மிஞ்சும் கடைசி நாட்களில் சுடர் தளரும். இந்தியாவின் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி என்பதால், அந்தச் சிலிண்டருக்குள் வளைகுடா வாயுவும் கலந்திருக்கலாம்.

இவ்வளவு மீட்ட பிறகும் எரிகோபுரத்தை முழுமையாக அணைக்க முடியாது. மின்தடையிலோ பழுதிலோ அழுத்தம் திடீரென ஏறினால் வாயுவைப் பாதுகாப்பாக வெளியேற்ற வேறு வழியில்லை. வழக்கமாகக் கசிந்து வருவதை அழுத்தி எரிபொருள் குழாய்க்குத் திருப்பிவிட்டு, உச்சியில் ஒரு சிறு வழிச்சுடரை மட்டும் எரியவிடுவதே இன்றைய நடைமுறை.