ஆள்நிழல் கடிகாரம்

நிற்பவரின் நிழலையே முள்ளாகக் கொண்ட தரைக் கடிகாரம். பூங்காவுக்கும் பள்ளி முற்றத்துக்கும் ஏற்றது. மணிக்குறிகள் நீள்வட்டத்தில் இருக்கும். நடுவே வடக்கு-தெற்காக ஓடும் மாதக்கோட்டில் அன்றைய தேதியின் மேல் நிற்கவேண்டும். பிரான்சின் புரூ தேவாலய முன்றிலில் இருப்பது மிகப் பழையவற்றுள் ஒன்று.

வடக்கு 7 பாகையிலுள்ள இலங்கையின் பதுளைக்கு இதை வரைந்தால் வடிவமே மாறிவிடும். நீள்வட்டம் 6 மீட்டர் நீளமென்றால் அகலம் 73 சென்டிமீட்டர்தான். மாதக்கோடோ ஏறத்தாழ 2.6 மீட்டர். ஜூனிலும் டிசம்பரிலும் நீள்வட்டத்துக்கு வெளியே நிற்கவேண்டிவரும். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் உச்சியில் நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும்.

இலங்கை நேரம் 82.5 பாகைக் கிழக்குக் கோட்டைச் சார்ந்தது. பதுளை 81 பாகை. அதனால் இக்கடிகாரம் சராசரியாக 6 நிமிடம் பின்தங்கும். பருவத்துக்கேற்ப மேலும் ஏறத்தாழ கால்மணிவரை மாறும். தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்கு (காலையில் தொழிலாளரின் பெயர் பதிந்து வேலை பிரிப்பதற்கு) இதை நம்பமுடியாது. வடகீழ்ப் பருவமழையில் பதுளை அமைந்த ஊவா மலைகளில் வெயிலும் அரிது.