நூற்றுக்கு அறுபது

சர்க்கரை நோய்க்கான ஆபத்து எவ்வளவு என்று கணிக்க ஊசி வேண்டாம்; ஓர் இஞ்ச் டேப்பும் மூன்று கேள்விகளும் போதும். இப்படியொரு மதிப்பெண் முறை 2005-இல் சென்னையில் பிறந்தது. பெயர், இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்.

அதற்கு வித்திட்டது 2001-இல் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் தொடங்கிய ஆய்வு. 26,001 பேரைச் சந்தித்தார்கள். பத்தில் ஒருவரை அழைத்ததில் 2,350 பேர் வந்தார்கள். குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தால், நோய் இருப்பதே தெரியாமல் நடமாடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்த அடையாளங்களாக நான்கு மிஞ்சின: வயது, இடுப்பளவு, பெற்றோருக்கு நோய், உடலுழைப்பு.

பட்டியலில் எடை இல்லை. கைகால் ஒல்லி, எடையும் அளவு, தொப்பை மட்டும் முன்னால் நிற்கும் நம்மவர்களை எடை எந்திரம் தப்பவிட்டுவிடும், டேப் விடாது.

தொப்பைக்கு ஏன் இந்த முக்கியத்துவம்? கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1993-இல் பாஸ்டனில் ஹோத்தமிஸ்லிகில், ஸ்பீகல்மன் என்ற ஆய்வாளர்கள், பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் சுரப்பதைக் கண்டார்கள். அதை முடக்கியதும் அதே எலிகளில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. இன்சுலின் செல்லின் வாசல்வரை வந்து சேர்கிறது. அதன் கட்டளை உள்ளே போகாமல் இந்தப் புரதம் குறுக்கே நிற்கிறது. வயிற்றுக்குள் கொழுப்பு ஏற ஏற, இன்சுலினுக்குத் துணைபோகும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அதற்கும் முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது.

மதிப்பெண் போட்டுப் பார்க்க, கங்கைகொண்ட சோழபுரத்தில் கடை வைத்திருக்கும் 45 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 20. இடுப்பு 94 செ.மீ., அதற்கு 10. அம்மாவுக்குச் சர்க்கரை, 10. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பதற்கு 30. மொத்தம் 70. அறுபதைத் தொட்டாலே ஆபத்து அதிகம் என்று பொருள்; பக்கத்து ஊரான ஜெயங்கொண்டம் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட வேண்டியதுதான். நோயை உறுதிசெய்வது அந்தச் சோதனைதான், மதிப்பெண் அல்ல.

நூறு மதிப்பெண்ணில் வயதும் பெற்றோரும் சேர்ந்து 50. அதை யாராலும் மாற்ற முடியாது. இடுப்பும் உழைப்பும் மீதி 50. கடைக்காரர் தினமும் உடற்பயிற்சி செய்து, இடுப்பை 90-க்குக் கீழே கொண்டுவந்தால் 70 என்பது 50 ஆகிவிடும்.