அளவுநாடா கட்டிய செய்மதி

அவுஸ்திரேலியாவின் முதலாவது செய்மதி எது என்று கேட்டால், 'ரெசாட்' என்பதே நூல்கள் தரும் விடை. 1967 நவம்பர் 29ஆம் திகதி வூமெரா ஏவுதளத்திலிருந்து அது விண்ணுக்குச் சென்றது. ஆயினும் அதற்கு ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு முன்னரே மெல்பேர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு செய்மதியைக் கட்டி முடித்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டனர் என்பது பலரும் அறியாத செய்தி.

அவர்கள் அப்பல்கலைக்கழகத்தின் விண்வெளியியல் சங்கத்தினர். அமெரிக்கச் செய்மதிகளின் சமிக்ஞைகளை வானொலிக் கருவிகளில் பிடித்துக் கேட்பது அவர்களது பொழுதுபோக்கு. பிறர் அனுப்பியதைக் கேட்டுக்கொண்டிருப்பானேன், நாமே ஒன்றைச் செய்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. 1966இல் வேலை தொடங்கியது. கலிபோர்னியாவின் வானொலி ஆர்வலர்கள் 1961 டிசம்பர் 12இல் 'ஒஸ்கார் 1' என்னும் சிறு செய்மதியை அமெரிக்க விமானப்படை ரொக்கெட் ஒன்றில் கூடுதற் சுமையாக ஏற்றி அனுப்பியிருந்தனர். அந்த வழி தமக்கும் திறக்கும் என மாணவர்கள் நம்பினர்.

'அவுஸ்திராலிஸ்' எனப் பெயரிடப்பட்ட அச்செய்மதி 17.7 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெட்டி. சூரியத் தகடுகள் இல்லை, மின்கலங்கள் மட்டுமே. அலைவாங்கிகளுக்கு அவர்கள் தேடிய பொருள்தான் சுவையானது. தச்சர்கள் மரம் அளக்கும் உருக்கு அளவுநாடா! மடித்துக் கட்டினால் அடங்கும், அவிழ்த்துவிட்டால் தானே நிமிர்ந்து நிற்கும். விண்வெளியில் வேண்டியதும் அதுவே. பெட்டி கட்டுப்பாடின்றிச் சுழலாதிருக்க உள்ளே ஒரு நிலைக்காந்தம் வைத்தனர். திசைகாட்டியின் ஊசியைப் போல அது பூமியின் காந்தப் புலத்தோடு ஒத்து நிற்கும். வெப்பநிலை, மின்கலத்தின் நிலை போன்ற விபரங்கள் ஒலியின் ஏற்ற இறக்கமாகக் கீழே வரும். சாதாரண வாங்கி வைத்திருப்பவரும் அவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

1967 ஜூனில் பெட்டி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே அதை ஏற்றிச் செல்ல ரொக்கெட் கிடைக்கவில்லை. மாதங்கள் ஆண்டுகளாயின. இதற்கிடையில் அரச ஆய்வு நிறுவனமும் அடிலெய்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ரெசாட் முந்திக்கொண்டது. முதலில் எழுதியவர் ஒருவர், முதலில் அச்சேறியவர் வேறொருவர் என்பது எம் பத்திரிகைத் தொழிலில் பழகிய கதைதான். ஆனால் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்!

1969இல் வொஷிங்டனில் தோன்றிய 'அம்சாட்' என்ற வானொலி ஆர்வலர் அமைப்பு இப்பெட்டியைப் பொறுப்பேற்று நாசாவிடம் இடம் கேட்டது. 1970 ஜனவரி 23ஆம் திகதி, வன்டன்பேர்க் தளத்திலிருந்து டெல்டா ரொக்கெட்டில், ஒரு வானிலைச் செய்மதியின் துணைச் சுமையாக அது ஏறிற்று. அப்போதுதான் 'ஒஸ்கார் 5' என்ற பெயரையும் பெற்றது.

அளவுநாடாக்கள் விரிந்தன. காந்தம் தன் கடமையைச் செய்தது, சுழற்சி அடங்கிற்று. தரையிலிருந்து கட்டளை அனுப்பி ஒரு பரப்பியை நிறுத்தவும் இயக்கவும் முடிந்தது. ஆர்வலர்களின் செய்மதிகளுள் இது வாய்த்தது இதற்கே முதன்முதலில். பல நாடுகளிலிருந்து 'கேட்டோம்' என்று பதிவுகள் வந்து குவிந்தன. சங்க உறுப்பினருள் ஒருவரான ஓவன் மேஸ் பின்னாளில் இந்த வரலாற்றை நூலாக எழுதினார்.

இரண்டு பரப்பிகளுள் ஒன்று 23 நாட்களில் ஓய்ந்தது. மற்றையது 46 நாட்கள் வரை ஒலித்தது. ரெசாட் 1968 ஜனவரியிலேயே வளிமண்டலத்தில் எரிந்து போயிற்று. மாணவர்களின் பெட்டி, குரலற்றுப் போனாலும், ஆயிரத்து நானூறு கிலோமீற்றருக்கு மேலே இன்னமும் பூமியைச் சுற்றிவருகிறது.