மோரிப் கடலைத் திறந்த கப்பல்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்களில் இரண்டாம் உலகப் போர் பற்றிய பேச்சு எழும்போது, சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பாட்டன்மாரும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த பாட்டன்மாருமே முதலில் நினைவுக்கு வருகின்றனர். அதே போரில் பிரிட்டிஷ் இந்தியக் கடற்படையின் கண்ணிவாரிக் கப்பல்களில் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கும் அந்நினைவில் இடம் உண்டு.

கடலடியில் எடையோடு வடத்தால் பிணைக்கப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்று, கப்பல் மோதியதும் வெடிக்கும் இரும்புக் கோளமே கடற்கண்ணி ஆகும். கண்ணிவாரிக் கப்பல், பக்கவாட்டில் விரிந்து நிற்கும் அறுப்பு வடத்தைப் பின்னால் இழுத்துச் சென்று அப்பிணைப்பைத் துண்டிக்கும். மேலே மிதந்து வரும் கண்ணியை மாலுமிகள் சுட்டு அழிப்பர். ஆழம் குறைந்த மலாக்கா நீரிணை கண்ணி இடுவதற்கு ஏற்றது. 1945 ஜனவரியில் பினாங்கு அருகே கண்ணிகளை இட்ட பிரிட்டிஷ் நீர்மூழ்கி போர்பஸ் அம்மாதமே தொலைந்தது. ஜூலையில் புக்கெட் கடலில் கண்ணி வாரும்போது பிரிட்டிஷ் கண்ணிவாரிகளான ஸ்குவிரல் கண்ணியாலும், வெஸ்டல் ஜப்பானியத் தற்கொலை விமானத்தாலும் அழிந்தன.

1939இல் 2,000 பேர்கூட இல்லாத இந்தியக் கடற்படை, போர் முடிவதற்குள் 25,000 பேரைத் தாண்டி வளர்ந்தது. சென்னை மாகாண இளைஞரும் அதில் சேர்ந்தனர். அதன் கண்ணிவாரிகளுள் மெட்ராஸ், கர்நாட்டிக், பெங்கால் என்னும் பெயர்கள் இருந்தன. 1942 நவம்பர் 11 அன்று, ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகச் சென்ற பெங்கால், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இரு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றது. அவற்றுள் ஹோகோகு மாரு மூழ்கியது. சிறு கப்பலில் இருந்தவர்கள் காட்டிய அந்தத் துணிவு இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

ஜப்பான் சரணடைந்த பின், 1945 செப்டம்பர் 9 அன்று, கண்ணி அகற்றப்பட்ட வழியே வந்த இந்தியப் படையினர் கிள்ளானுக்குத் தெற்கே மோரிப்பில் இறங்கினர். எதிர்ப்பு ஏதும் இல்லாதபோதும், கரையின் மென்மணலிலும் சேற்றிலும் வாகனங்கள் புதைந்தன. போர் நீடித்திருந்தால் அங்கே பேரிழப்பு நேர்ந்திருக்கும். இதே வட்டாரத்தில் 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்கவும் இந்தியப் படையினரே ஏவப்பட்டனர் என்பதால், தோட்டத் தமிழருக்கு அந்தச் சீருடை ஒரே பொருளைத் தந்திருக்க முடியாது.

ஆயினும் சீருடை அணிந்தவர்களின் மனமும் மாறிக்கொண்டிருந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயின் தல்வார் கடற்படைப் பள்ளியில் தொடங்கிய வேலைநிறுத்தம் கப்பல்களுக்கும் பரவியபோது, நல்லுணவும் ஊதியச் சமத்துவமும் கேட்ட மாலுமிகள், எதிரணியில் நின்று போரிட்ட இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுவிக்க வேண்டும் என்றும் கோரினர்.