காசு: ஒரு சொல்லின் பொருள் வரலாறும் கடல்வழிப் பயணமும்

முன்னுரை

ஆங்கிலத்தில் கைப்பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல், தமிழ்க் ‘காசு’ என்பதினின்று பிறந்தது என்னும் கருத்து மேடைகளிலும் பொதுக்கட்டுரைகளிலும் நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகிறது. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்திருத்தலின், இக்கருத்து ஐயத்திற்கு இடமற்றதாகத் தோன்றும். ஆயினும் சொற்பிறப்பியலில் ஒலியொப்புமை என்பது ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று. காசு என்னும் சொல் தமிழில் பெற்ற பொருள்களையும், அது பிறமொழிகளுக்குச் சென்ற வழியையும் காலவரிசையில் நோக்கின், அக்கருத்தில் எப்பகுதி கொள்ளத்தக்கது, எப்பகுதி தள்ளத்தக்கது என்பது புலனாகும்.

இலக்கியத்தில் காசு

குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளி தன் அலகில் பற்றிய வேப்பம்பழத்திற்கு, புதுநூல் கோப்பவன் நகநுனியில் பற்றிய பொற்காசினை உவமை கூறுகிறார். ஈண்டுக் காசு என்பது அணிகலனில் கோக்கப்படும் உருண்டையான பொன்துண்டு ஆகும். கடைத்தெருவில் மாற்றும் நாணயமன்று. திருமுருகாற்றுப்படையில் மகளிர் இடையில் அணியும் மேகலை, காசுகள் பல நிரைத்துக் கோத்ததாகக் கூறப்படுகிறது. இவ்விடத்தும் மணி என்னும் பொருளே பொருந்துகிறது. இன்றும் வழக்கிலுள்ள ‘காசுமாலை’ இத்தொல்பொருளின் எச்சமெனக் கருதத்தக்கது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும் பகுதியில் இதே வடிவம் ‘குற்றம்’ என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. பொன்மணிக்கும் குற்றத்திற்கும் பொருள்தொடர்பு காட்டுதல் அரிது. ஆகவே, தமிழுக்குள்ளேயே ஒரே வடிவில் இருவேறு சொற்கள் வழங்கின எனக் கொள்வதே பொருத்தமாகும். யாப்பிலக்கணத்தில் வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய ‘நாள், மலர், காசு, பிறப்பு’ என்னும் வாய்பாடுகளில் வரும் காசு, அசையமைப்பைச் சுட்டும் குறியீடு மட்டுமே. அதனைத் தனிப்பொருளாக எண்ணவேண்டுவதில்லை.

தோற்றம் பற்றிய கருத்துகள்

வடமொழியில் ‘கர்ஷ’ என்பது பொன், வெள்ளி ஆகியவற்றை நிறுக்கும் ஓர் எடையளவு. அதன்வழி ‘கார்ஷாபணம்’ என்னும் நாணயப்பெயர் அமைந்தது. பாலிமொழியில் இது ‘கஹாபணம்’ என வழங்கும். காசு என்பது கர்ஷ என்பதன் திரிபே என்பது ஒரு சாரார் கருத்து. மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளில் இச்சொல் நாணயப்பொருளில் பரவலாக வழங்குதலையும், நீலகிரித் தோடர், கோத்தர் மொழிகளில் ரூபாயைக் குறித்தலையும் காட்டித் திராவிடச்சொல் என்பார் மற்றொரு சாரார். எடையளவின் பெயரே மூலமாயின், பழைய இலக்கியங்களில் அச்சொல் கோக்கும் மணியைக் குறித்தது எவ்வாறு என்பதற்கு முதற்சாரார் விடைகூறுதல் வேண்டும். நாணயப்பொருள் ஒன்றையே நோக்கித் தோற்றத்தை முடிவுசெய்தல் நிறைவுடையதாகாது.

பொன்னிலிருந்து செம்புக்கு

முதலாம் இராசராசனின் (985–1014) தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், கோயிலின் முதலைக் கடனாகப் பெற்ற ஊர்ச்சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பலிசையாகச் செலுத்துமாறு விதிக்கப்பட்டுள்ளது. எட்டில் ஒரு பங்காகிய இது நூற்றுக்கு 12½ விழுக்காடாகும். இக்காசு பொன்மதிப்புடையது, அறக்கட்டளைகளின் முதலாக அமைந்தது.

ஐரோப்பியர் வணிகம் வேரூன்றிய காலத்தில் இந்நிலை முற்றிலும் மாறியிருந்தது. சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்னும் கணக்கு நிலவியது. அதன்படி 3,360 காசுகள் சேர்ந்தே ஒரு வராகன் ஆயின. பொற்காசின் பெயர் மிகச்சிறு செப்புக்காசின் பெயராகத் தாழ்ந்தது. திருவிதாங்கூரிலும் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் எனக் காசு அடிப்படியிலேயே நின்றது. இன்று ஒருபொருட் சொற்களாக இணைத்து வழங்கும் ‘காசுபணம்’ என்னும் தொடரில் நாணய அடுக்கின் இருவேறு படிகள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

கடல்வழிப் பயணம்

போர்த்துக்கீசியர் இச்சொல்லைக் ‘கைஷா’ என ஏற்றனர். அவர்தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘கைஷா’ என்னும் சொல் முன்னரே இருந்தமையால், புதுச்சொல் அவ்வடிவத்திலேயே அமைந்தது. கோவாவை 1510இலும் மலாக்காவை 1511இலும் கைப்பற்றிய அவர்கள், கீழைக்கடற் பகுதிகளில் கண்ட சிறுநாணயங்களுக்கும் இப்பெயரையே இட்டனர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் இதனைக் ‘கேஷ்’ எனப் பெற்றுச் சீனத்தின் சதுரத்துளைச் செப்புநாணயத்திற்கும் வழங்கினர். சீனர் அதற்கு இட்ட பெயர் வேறு. நூலில் கோக்கப்படும் சீன நாணயம் தமிழ்ப்பெயரால் உலகில் அறியப்படுதல் வணிக வரலாற்றின் விளைவு.

கிழக்கிந்தியக் கம்பெனி 1803இல் இங்கிலாந்தின் சோஹோ அச்சுச்சாலையில் அடித்துச் சென்னை மாகாணத்திற்கு அனுப்பிய செப்புநாணயங்களில் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. இருபது காசு நாணயத்தின் பாரசீக வாசகம் ‘இருபது காஸ், நான்கு ஃபுலூஸ்’ என்னும் பொருளுடையது. 1808ஆம் ஆண்டு பொறித்த இவ்வகை நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980களில் அதினின்றும் பெருந்தொகையான காசுகள் மீட்கப்பட்டன.

இரு சொற்கள், ஒரு வடிவம்

கைப்பணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கேஷ்’ இதனின் வேறானது. இலத்தீனில் ‘கப்சா’ என்பது பெட்டி. அது இத்தாலியத்தில் ‘கஸ்ஸா’ என்றும் பிரெஞ்சில் ‘கேஸ்’ என்றும் திரிந்து, பணப்பெட்டியைக் குறித்தது. ஆங்கிலத்தில் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் புகுந்தபோதும் பணப்பெட்டி என்னும் பொருள் இருந்தது; பின்னர் பெட்டி மறைந்து உள்ளிருந்த பணமே பொருளாயிற்று. மருந்துறையாகிய ‘கேப்சூல்’ என்பதும் இவ்வேரினதே. 1886இல் வெளிவந்த யூல், பர்னல் ஆகியோரின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, கீழைநாட்டுச் சிறுநாணயத்தின் பெயரைக் காசு என்பதன்வழி விளக்கிக் கைப்பணச் சொல்லினின்று பிரித்துக் காட்டுகிறது.

முடிவுரை

ஆங்கிலக் ‘கேஷ்’ முழுவதும் தமிழ்ச்சொல் என்னும் கூற்று நிலைபெறாது. தமிழுக்கு அதில் பங்கில்லை என்னும் மறுப்பும் தவறு. நாணயப்பெயராகிய ‘கேஷ்’ தமிழ், மலையாளக் கரைகளிலிருந்து சென்றது. அதற்குப் பொறித்த செம்பே சான்று. கைப்பணமாகிய ‘கேஷ்’ மேலைநாட்டுப் பெட்டியினின்று வந்தது. ஆங்கிலத்தில் எழுத்தால் ஒன்றிய இவ்விரு சொற்களும் தமிழில் மீண்டும் சந்தித்துள்ளன: ‘கேஷியர்’ என்னும் பணப்பெட்டிக் காப்பாளர் தமிழில் ‘காசாளர்’ ஆகியுள்ளார். அச்சொல்லாக்கம் செம்மையானது, ஆனால் அதன் பொருத்தத்தையே மூலத்திற்குச் சான்றாகக் காட்டுதல் ஆகாது. தமிழின் சொற்கொடை மெய்யாகவே பெரிது. ஆராய்ந்து வரையறுத்த உரிமையே பிறமொழி அறிஞர் அவையிலும் ஏற்கப்படும். மிகையான உரிமை கோரின், உள்ள உரிமையும் ஐயத்திற்கு ஆளாகும்.